கிரேக்கத் தயிர்: யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது?

தயிரைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பல் முளைத்ததிலிருந்து சாப்பிடுகிற பொருள். ஆனால் அதே தயிர் 'கிரேக்கத் தயிர்' என்ற பெயரோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஏறி, சூப்பர் மார்க்கெட்டின் குளிர் அலமாரியில் போய் உட்கார்ந்தால் போதும். உடம்பு இளைக்கும், சர்க்கரை குறையும், எலும்பு பலப்படும், குடல் சுத்தமாகும் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியும் பொய் என்று சொல்லிவிட முடியாது. வேறு யாருக்கோ உண்மை. அங்கேதான் சிக்கலே. ஒரு வீட்டில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம்.

திருச்சிப் பையன் ஒருவன். நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், வருடத்தில் ஐந்து மாதம் பனி கிடக்கிற ஊரில், எம்.எஸ். படிக்கப் போனான். போன முதல் வாரம் தயிர் சாதத்துக்கு மனசு ஏங்க, கடையில் கண்ணில் பட்ட பெரிய டப்பாவை வாங்கி வந்தான். கிரேக்கத் தயிர், எதுவும் சேர்க்காதது. சோற்றில் போட்டுப் பிசைந்தால் களி மாதிரி ஆகிவிட்டது. பால் ஊற்றினான், தண்ணீர் ஊற்றினான், ஒரு வழியாகத் தொண்டையில் இறங்கியது. அப்போதுதான் சீனியர் ஒருவர் வழி சொல்லிக்கொடுத்தார்: பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இந்தத் தயிரில் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கி, ஓவனைச் சூடாக்காமல் உள்ளே லைட்டை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வைத்துவிடு. காலையில் பார்த்தால் அருமையாகத் தோய்ந்திருந்தது. ஆனால் கிரேக்கத் தயிராக இல்லை; வீட்டில் அம்மா தோய்க்கிற தயிர் மாதிரியேதான் இருந்தது.

போனில் சொன்னதும் அம்மாவுக்குச் சந்தேகம். "கெட்டித் தயிர எடுத்து உறை ஊத்தினா கெட்டியாத்தானே வரணும்? ஏன்டா சாதாத் தயிரா வந்துச்சு?"

அம்மா சாதாரணமாகக் கேட்டுவிட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கிரேக்கத் தயிரின் நன்மை தீமை முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

கிரேக்கத் தயிரைக் கெட்டியாக்குவது கிருமி அல்ல, துணி. கிரேக்க மொழியில் இதற்கு 'ஸ்ட்ரங்கிஸ்தோ' என்று பெயர். வடிகட்டியது என்று அர்த்தம், அவ்வளவுதான். தோய்ந்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடியவிடுவது. லெபனானில் லப்னே, துருக்கியில் சுஸ்மே, மகாராஷ்டிரத்தில் சக்கா (இதில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டால் ஸ்ரீகண்ட்), எல்லாம் ஒரே வேலைதான். கிரேக்கர்கள் பசும்பாலில் மட்டுமல்ல, செம்மறி ஆட்டுப் பாலிலும் செய்வார்கள். பெரிய தொழிற்சாலைகளில் துணிக்குப் பதிலாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரமும் மெல்லிய சவ்வு வடிகட்டியும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கிருமிகள் உலகம் முழுக்க யோகர்ட்டுக்குப் பயன்படும் அதே இரண்டு பேர்தான்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ். அவை பாலைப் புளிக்கவைக்கும், தண்ணீரை வடிக்காது. அதனால்தான் பையன் தோய்த்தது சாதாத் தயிராக நின்றுவிட்டது.

ஒரு கிலோ கிரேக்கத் தயிர் செய்ய மூன்றிலிருந்து நாலு கிலோ பால் வேண்டும். மிச்சம் இரண்டு மூன்று கிலோ எங்கே போனது? வடிந்து போனது. இப்போது கேட்க வேண்டியது, அதோடு சேர்ந்து என்னென்ன போயிற்று, துணியில் என்ன தங்கியது என்பதைத்தான். கிரேக்கத் தயிரைப் பற்றிய எந்த நல்லதையும் கெட்டதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே அளந்துவிடலாம்.

தங்குவதில் முதலாவது புரதம். தயிருக்கு வைக்கும் பாலைத் தொழிற்சாலையில் 85, 90 டிகிரிக்குக் காய்ச்சுகிறார்கள். (வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.) அந்தச் சூட்டில், இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடக்கூடிய மோர்ப் புரதங்கள் உருமாறி, கேசின் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் துணியில் வடியும்போது புரதம் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். அமெரிக்க விவசாயத் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முழுப்பால் சாதாத் தயிரில் புரதம் 3.5 கிராம், கொழுப்பு நீக்கிய கிரேக்கத் தயிரில் 10 கிராம். கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட 60தான். அதே கலோரிக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு புரதம் என்பது சின்ன விஷயமில்லை. முட்டை, மீன், கறி எதுவும் தொடாத ஒருவருக்கு ஒரு கிண்ணத்தில் 15 கிராம் புரதம் வேறு எதில் கிடைக்கும்? பருப்பில் கிடைக்கும், ஆனால் அவ்வளவு பருப்பு ஒரே வேளையில் சாப்பிட முடியாது. புரதம் வயிற்றை நிரப்பி வைப்பதால் பதினொரு மணிக்கு வடை தேடவும் தோன்றாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டுப்பாடான பி12 வைட்டமினும் 100 கிராமில் முக்கால் மைக்ரோகிராம் அளவுக்கு உண்டு. ஒரு நாள் தேவை 2.4 என்பதால் இதுவும் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

போவதில் முதலாவது லாக்டோஸ், அதாவது பாலில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை. கிருமிகள் தின்றதுபோக மிச்சம் இருப்பதில் கணிசமான பகுதி தண்ணீரோடு ஓடிவிடும். பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போடுகிறவர்களுக்கு இது நிம்மதி. தயிரில் உயிரோடு இருக்கும் கிருமிகளே லாக்டோஸைச் செரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஏற்றுக்கொண்டது. தயிருக்குச் சொல்லப்படும் நூற்றுக்கணக்கான பெருமைகளில் இவ்வளவு உறுதியாக நிற்பவை சொற்பம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பால் செரிக்காததும் பால் ஒவ்வாமையும் வேறு வேறு. ஒவ்வாமை பாலின் புரதத்தால் வருவது. அப்படிப்பட்டவருக்குப் புரதத்தைத் திரட்டி வைத்திருக்கும் இந்தத் தயிர் ஆபத்து.

அடுத்துப் போவது பலர் எதிர்பார்க்காத ஒன்று: கால்சியம். தயிர் கெட்டியாக இருந்தால் கால்சியமும் கெட்டியாக இருக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. பாலில் கால்சியத்தில் பெரும்பகுதி கேசின் உருண்டைகளுக்குள் கட்டுண்டு கிடக்கும். பால் புளிக்கப் புளிக்க அந்தக் கட்டு அவிழ்ந்து கால்சியம் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் வடித்துக் கொட்டுகிறோம்! முழுப்பால் சாதாத் தயிரில் 100 கிராமுக்கு 121 மில்லிகிராம் கால்சியம்; கிரேக்கத் தயிரில் 110. மூன்று கிலோ பாலைச் செலவழித்தும் ஒரு கிலோ பாலின் கால்சியம்கூடத் தேறவில்லை. இதற்காகக் கிரேக்கத் தயிர் எலும்புக்குக் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எலும்புக்கென்றே பணம் கொடுத்து வாங்குகிறவர் சாதாத் தயிரிலேயே அதைப் பெற்றுவிடலாம், விலையும் குறைவு.

இந்தத் தயிர் எப்படி இவ்வளவு பிரபலமானது என்று ஒரு வார்த்தை. ஏதென்ஸில் 1926-ல் ஒரு பால் கடையாகத் தொடங்கிய ஃபாயே நிறுவனம்தான் இதைக் கிரீஸுக்கு வெளியே கொண்டுபோனதில் முன்னோடி. ஆனால் அமெரிக்காவில் இது காட்டுத்தீயாகப் பரவக் காரணம் துருக்கியிலிருந்து குடியேறிய ஹம்தி உலுகாயா. நியூயார்க் மாநிலத்தில் சவுத் எட்மெஸ்டன் என்ற குக்கிராமத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய தயிர்த் தொழிற்சாலையை 2005-ல் வாங்கினார். 2007-ல் 'சோபானி' என்ற பெயரில் முதல் டப்பா கடைக்குப் போனது. துருக்கி மொழியில் 'சோபான்' என்றால் இடையன். ஆக, துருக்கியர் ஒருவர் அமெரிக்கப் பாலில் செய்து விற்றதுதான் அங்கே கிரேக்கத் தயிர். லண்டனில் இது சரிப்படவில்லை. ஃபாயே வழக்குப் போட, கிரீஸில் செய்யாததைக் 'கிரேக்கத் தயிர்' என்று விற்கக் கூடாது என்று 2013-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-ல் அதையே உறுதி செய்தது. அதனால் பிரிட்டனில் மற்றவர்கள் எல்லாம் 'கிரேக்க பாணித் தயிர்' என்றுதான் எழுத வேண்டும்.

இது பெயர்ச் சண்டை என்று விட்டுவிட முடியாது. 'பாணி' என்று எழுதியதில் வடிகட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. க்ரீம் சேர்த்தோ, பால் பவுடர் கலந்தோ, ஸ்டார்ச் போட்டோ கெட்டியாக்கலாம். க்ரீம் சேர்த்தவற்றில் கொழுப்பு 10 சதவீதம் வரை போகும், புரதமோ சாதாத் தயிரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வாயில் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி வழுவழுப்பு. உடம்புக்குள் போனால் வேறு வேறு சாப்பாடு. டப்பாவின் முன்பக்கம் நீலக் கடலும் வெள்ளை வீடும் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதுதான் விஷயம். நல்ல கிரேக்கத் தயிரில் பால், கிருமி என்று இரண்டு பொருள்தான் எழுதியிருக்கும்.

திருச்சிக்கு வருவோம்.

பையனின் அறைத் தோழன் ஜிம்முக்குப் போகிறவன். அவனோடு சேர்ந்து இவனும் தினமும் ஒரு டப்பா சாப்பிட ஆரம்பித்தான். உடம்பு நன்றாகவே இருந்தது. திருச்சியில் இருக்கும் அப்பா ஓய்வு பெற்றவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். வீடியோ காலில் இவன் சொன்னான்: "அப்பா, சோத்தக் கொறச்சிட்டு இதச் சாப்பிடுங்க. சுகருக்கு நல்லதாம். இப்ப நம்ம ஊர்லயே கெடைக்குது." கிடைக்கத்தான் செய்தது. 2015-ல் எபிகாமியா வந்த பிறகு இந்தியாவிலும் கிரேக்கத் தயிர் பரவலாகிவிட்டது.

மகன் ஒன்று சொன்னால் அதை இரண்டாகச் செய்கிற அப்பா அவர். முதலில் வாங்கி வந்தது ஸ்ட்ராபெரி. அடுத்த வாரம் மாம்பழம். "நல்லாத்தான்டா இருக்கு, பாயசம் மாதிரி" என்றார். பாயசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பையனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டப்பாவைக் கேமராவுக்கு நேராகத் திருப்பச் சொல்லிப் படித்தான். பழச்சுவை சேர்த்த டப்பாக்களில் ஒரு கப்புக்குப் பத்துக் கிராம் அளவுக்குச் சேர்த்த சர்க்கரை இருப்பது வெகு சாதாரணம். அதாவது இரண்டு ஸ்பூனுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னபடி ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது. தயிரைத் துணியில் கட்டி, இருந்த சர்க்கரையை எல்லாம் வடித்து வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அதைவிட அதிகமாக உள்ளே போட்டு விற்கிறார்கள். இந்த வேடிக்கைக்கு 'ஆரோக்கியம்' என்று பெயர்.

சரி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சுக்கு ஆதாரம் உண்டா? கொஞ்சம் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் ஒரு வாசகத்தை அனுமதித்தது: வாரம் குறைந்தது இரண்டு கப் தயிர் சாப்பிடுவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம், ஆனால் இதற்கான ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கவனியுங்கள். நோய் வராமல் இருப்பதற்குத்தான்; வந்துவிட்ட நோயை இறக்குவதற்கு அல்ல. கிரேக்கத் தயிருக்கு மட்டும் என்றும் சொல்லவில்லை. எல்லாத் தயிருக்கும்தான். அப்படிக் கேட்டு மனுப் போட்டதும் ஒரு தயிர்க் கம்பெனிதான், டனோன். அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் தெரிந்துகொண்டு படிக்க வேண்டிய செய்தி.

பையன் சொன்னபடி அப்பா சர்க்கரை சேர்க்காத டப்பாவுக்கு மாறினார். காலையில் ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். நாளைக்கு 300 கிராம். ரத்தச் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. காரணம் தயிரா, குறைத்த சோறா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பையன் தயிரின் கணக்கில் எழுதிக்கொண்டான்.

ஆறு மாதம் கழித்து வழக்கமான பரிசோதனை. கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. சிறுநீரக மருத்துவர் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், 300 கிராம் கிரேக்கத் தயிர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "யாரு சொல்லிச் சாப்பிடுறீங்க?"

"பையன் சொன்னான் சார். அமெரிக்காவுல இருக்கான்."

அம்மா இதைப் போனில் அப்படியே சொன்னபோது பையன் அந்தப் பக்கம் பேசவே இல்லை.

சிறுநீரகம் பழுதடைந்து, ஆனால் இன்னும் டயாலிசிஸ் வரை போகாதவர்களுக்குப் புரதத்தை அளவோடு வைக்கச் சொல்வார்கள். 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி, நோய் நடுநிலைக்கு வந்த பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும். அறுபது கிலோ எடையுள்ள அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 48 கிராம். அதில் 30 கிராமை இரண்டு கிண்ணத் தயிரே எடுத்துக்கொண்டது. அதற்குமேல் சாம்பார், கூட்டு, இட்லி, மத்தியானம் ஒரு முட்டை. எப்படி அடங்கும்? அதே 300 கிராம் வீட்டுத் தயிராக இருந்திருந்தால் பத்துப் பதினொரு கிராமோடு போயிருக்கும். எந்தப் பெருமைக்காக அது வாங்கப்பட்டதோ அதுவேதான் இவருக்கு இடைஞ்சல்.

மருத்துவர் நியாயமாகவே பேசியிருக்கிறார். "இதனாலதான் கிட்னி கெட்டுச்சுன்னு நான் சொல்லல. பதினஞ்சு வருஷச் சுகரு பண்ணின வேலை அது. ஆனா அடிபட்ட மாட்டு மேல மூட்டைய ஏத்தாதீங்க." நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குத் தயிரின் புரதத்தால் கெடுதல் வரும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. தொந்தரவு என்னவென்றால், சர்க்கரை நோய் உள்ள பலருக்குத் தங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. வலிக்காது, காட்டிக்கொடுக்காது. கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்தால்தான் தெரியும். இரண்டும் பெரிய செலவில்லாத பரிசோதனைகள். அப்பா அதற்கு முந்தைய வருடம் பார்க்கவில்லை, பையனும் கேட்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் கிரேக்கத் தயிர் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர்கள் எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவரிடம் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொன்னது தலைகீழ்: புரதம் போதவில்லை, கூட்டுங்கள். டயாலிசிஸில் புரதத்தின் ஒரு பகுதி போய்விடுவதால், அதற்குப் போன பிறகு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்கிறார்கள். அதே சமயம் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறக் கூடாது. இங்கே வடிகட்டியதன் அருமை தெரிகிறது. வடிந்த தண்ணீரோடு பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. ஒரே அளவு புரதத்துக்குக் கணக்குப் பார்த்தால், சாதாத் தயிரைவிடக் கிரேக்கத் தயிரில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவாக வருகின்றன. ஒரே தெரு, ஒரே உறுப்பு, ஒரே டப்பா. ஒரு வீட்டில் நிறுத்து என்கிறார்கள், எதிர் வீட்டில் சாப்பிடு என்கிறார்கள். இரண்டும் சரி.

குடலுக்கு நல்லது என்ற பேச்சையும் ஒரு கை பார்த்துவிடலாம். இதை ஆரம்பித்து வைத்தவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். பல்கேரியக் கிராமத்து மக்கள் நீண்ட நாள் வாழ்வதற்குத் தயிர்தான் காரணம் என்று நம்பினார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார். 1908-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அது நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்கு, தயிருக்கு அல்ல. 1916-ல் இறந்தபோது வயது 71. அந்தக் காலத்துக்குக் குறைந்த ஆயுள் இல்லைதான், என்றாலும் நூறு இல்லை. தயிரின் இரண்டு அடிப்படைக் கிருமிகளும் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. விருந்தாளிகள், வந்துவிட்டுப் போய்விடுவார்கள். தோய்ந்த பிறகு சூடுபடுத்தி விற்கும் தயிரில் விருந்தாளிகூட உயிரோடு இல்லை. டப்பாவில் 'உயிருள்ள நுண்ணுயிர்கள்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு விஷயம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைத் தயிரோடு விழுங்கினால் கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரைக்கும் இதே கதைதான். இடைவெளி எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இது எல்லாத் தயிருக்கும் பொருந்தும், மோருக்கும்தான்.

கடைசியாக அந்த வடிந்த தண்ணீர். அதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் வடிவது ஒரு டம்ளர். தொழிற்சாலையில் வடிவது லாரி லாரியாக. சீஸ் செய்யும்போது கிடைக்கும் தண்ணீரில் புரதம் இருப்பதால் அது காய்ந்து, பொடியாகி, ஜிம் டப்பாக்களில் விலைக்குப் போகிறது. கிரேக்கத் தயிரின் புளித்த தண்ணீரில் புரதம் மிகக் குறைவு; லாக்டோஸும் அமிலமும் கரைந்த உப்புகளும்தான். ஆற்றில் விட்டால் அந்தச் சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் பெருகி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, மீன்கள் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் நியூயார்க் மாநிலத்தில் இதை மாட்டுத் தீவனத்தில் கலக்கிறார்கள், வயலில் உரமாக அளவோடு விடுகிறார்கள், சாண எரிவாயுக் கலன்களில் ஊற்றுகிறார்கள். மூன்று கிலோ பால் கறந்து, இரண்டு கிலோவை எங்கே கொட்டுவது என்று தேடும் தொழில் இது. 'இயற்கை' என்று டப்பாவில் எழுதும்போது இதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

வீட்டில் செய்வதானால் வேலை பெரிதில்லை. அரைக் கிலோ புளிக்காத தயிரை ஈரமான மல் துணியில் ஊற்றி, வடிதட்டின் மேல் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, நாலைந்து மணி நேரம் ஃப்ரிட்ஜில் விட்டால் ஏறக்குறைய பாதி நிற்கும். வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். வடிந்ததைக் கொட்ட வேண்டாம். காணாமல் போன கால்சியம் அதில்தான் இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையலாம், மோரில் கலந்துவிடலாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கும் வீடுகளில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

திருச்சி வீட்டில் இப்போது மத்தியானம் ஒரு சின்னக் கிண்ணம் வீட்டுத் தயிர், அதோடு சரி. அப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஸ்ட்ராபெரி நின்றதில்தான் வருத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைச் சீட்டைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்ப வேண்டும் என்பது புது ஏற்பாடு. கிரியேட்டினின் அடுத்த முறை ஏறவில்லை. பையன் அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறான். இந்த முறை எதன் கணக்கிலும் எழுதவில்லை.

ஃப்ரிட்ஜில் பிரிக்காமல் இருந்த இரண்டு பெரிய டப்பாக்களை அம்மா எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தார். அக்கா டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தினம் நூறு கிராம் அளந்து சாப்பிட்டார். கொடுக்கும்போது அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"தயிரு தீந்ததும் டப்பாவக் கழுவிக் குடுத்துரும்மா. கடுகு போட்டு வைக்க ஆகும்."